விடுதிக்குள் வழிகாட்டிப் பலகைகள் அமைப்பது எப்படி: அச்சகத்துக்குப் போகுமுன் முடிக்க வேண்டிய வேலைகள்

கொழும்பில் உள்ள பல பல்கலைக்கழக விடுதிகள் ஒரே மூச்சில் கட்டப்பட்டவை அல்ல. முன்னால் ஒரு பழைய பங்களா, பின்னால் பிற்காலத்தில் எழுந்த நான்கு மாடி, இரண்டையும் இணைக்க ஓர் ஒடுங்கிய விறாந்தை என்று அவை வளர்ந்திருக்கும். உள்ளே வசிப்பவர்களுக்கு ஒரு மாதத்தில் எல்லாம் பழகிவிடும். பலகைகளைப் பற்றி முடிவெடுப்பவர்களும் அவர்களே. வழி தெரியாமல் நிற்பது எப்படியிருக்கும் என்பது அதற்குள் மறந்துபோயிருக்கும்.

உப விடுதிப் பொறுப்பாளராக இருந்தபோது இந்த வேலையை இருமுறை செய்தேன். முதல் முறை, முடிவெடுத்த மறுவாரமே நாற்பத்திரண்டு பலகைகளுக்கு ஓடர் கொடுத்தோம். மூன்று மாதத்தில் பாதியைக் கழற்றினோம். இரண்டாம் முறை மற்ற எல்லா வேலையும் முடிந்த பிறகே அச்சகத்துக்குப் போனோம். கீழே இருப்பது அந்த இரண்டாம் முறையின் ஒழுங்கு.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

விடுதிப் பொறுப்பாளரின் எழுத்து மூல அனுமதி முதலில் வேண்டும். வாய்மொழி அனுமதி போதாது. சுவரில் துளையிடும் நாளில் பராமரிப்புப் பிரிவிலிருந்து ஒருவர் வந்து, "யார் சொன்னது?" என்று கேட்பார். அந்தக் கடிதத்திலேயே பராமரிப்புப் பிரிவுக்கும் ஒரு பிரதி போகட்டும்.

பணம் எங்கிருந்து வரும் என்பதை அன்றே கேளுங்கள். பல்கலைக்கழகப் பணம் என்றால் விலைமனுக்கள், பெறுகை நடைமுறை என்று வாரக்கணக்கில் இழுக்கும். அந்தக் காத்திருப்பைக் கீழே உள்ள படிகளுக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம். முழுவதையும் முடித்துவிட்டுப் பணம் கேட்கப் போனால் அடுத்த வருடப் புதிய மாணவர்கள் வந்துவிடுவார்கள்.

கட்டடத்தின் தள வரைபடம், அளவுநாடா, மறைப்பு நாடா, தடித்த மார்க்கர், ஏ4, ஏ3 தாள்கள் தேவை. வரைபடத்தை அப்படியே நம்பவேண்டாம். இடையில் எழுப்பிய தடுப்புச் சுவரும், எப்போதோ ஆணியடித்து மூடிய கதவும் அதில் இருக்காது. கையில் எடுத்துக்கொண்டு ஒருமுறை நடந்து திருத்துங்கள்.

கடைசியாக, வாயிலில் இருக்கும் பாதுகாப்பு உத்தியோகத்தரிடம் ஒரு பயிற்சிக் கொப்பியைக் கொடுத்து, ஒரு வாரத்துக்கு யார் எந்த இடத்தைக் கேட்டாலும் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். வேலை முடிந்த பிறகு இதே கணக்கை மீண்டும் எடுப்பீர்கள். பலகைகளால் பயன் உண்டா என்று யாராவது கேட்டால் காட்டுவதற்கு உங்களிடம் வேறு சான்று இருக்காது.

2. புதியவரின் பின்னால் வாய் திறக்காமல் நடங்கள்

விடுதிக்குள் ஒருபோதும் வராத நான்கைந்து பேரைப் பிடியுங்கள். முதலாம் வருட மாணவர் ஒருவர், ஊரிலிருந்து பெட்டியோடு வந்த பெற்றோர் ஒருவர், சாப்பாட்டுப் பொதி கொண்டுவருபவர் ஒருவர், வேறு பீடத்து நண்பர் ஒருவர் என்று கலவையாக இருப்பது நல்லது. ஒவ்வொருவருக்கும் ஒரு வேலையைச் சொல்லுங்கள்: 214 ஆம் அறைக்குப் போகவேண்டும், மலசலகூடம் தேடவேண்டும், சிற்றுண்டிச்சாலையிலிருந்து படிப்பறைக்குப் போகவேண்டும், உள்ளிருந்து வாயிலுக்குத் திரும்பவேண்டும்.

பிறகு இரண்டடி பின்னால் நடங்கள். அவர் எங்கே வேகம் குறைக்கிறார், எங்கே தலையைத் திருப்புகிறார், எங்கே கைபேசியை எடுக்கிறார், எங்கே திரும்பி வருகிறார் என்பதை வரைபடத்தில் குறியுங்கள். உதவி செய்யும் ஆசையை அடக்குவதுதான் கடினம். எங்கள் தொண்டர்களில் ஒரு மாணவி ஒவ்வொரு மூலையிலும், "இந்தப் பக்கம் அக்கா" என்று சொல்லிக்கொண்டே போனாள். அந்தக் காலை முழுவதும் வீண்.

"யாரிடமாவது கேட்டால் போகிறது" என்று பொறுப்பில் இருப்பவர்கள் சொல்வார்கள். முதலாம் வருட மாணவர் கேட்கமாட்டார். பகிடிவதையை 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் தடைசெய்திருக்கிறது, ஆனாலும் மேல் வருடத்தவரிடம் போய், "அண்ணா, குளியலறை எங்கே?" என்று கேட்கத் தயங்கி, அரைமணி நேரம் படிக்கட்டில் ஏறி இறங்கியவர்களைக் கண்டிருக்கிறேன். வாய்விட்டுக் கேட்கத் துணியாதவரை மனத்தில் வைத்தே ஒவ்வொரு பலகையையும் தீர்மானியுங்கள்.

இதே நடையை இரவிலும் ஒருமுறை செய்யவேண்டும். பகலில் தெரியும் படிக்கட்டு, மின்குமிழ் எரியாத விறாந்தையில் இரவு ஏழு மணிக்குத் தெரிவதில்லை.

3. சந்திகளைக் குறியுங்கள்

கொழும்பில் யாருக்கும் வழி சொல்லும்போது சந்தியை வைத்தே சொல்கிறோம். தும்முல்லைச் சந்தியில் இறங்கு, அங்கிருந்து இடப்பக்கம் திரும்பு என்போம். கட்டடத்துக்குள்ளும் அதுவே கணக்கு. ஒருவர் நின்று, இடமா வலமா மேலா என்று முடிவெடுக்கவேண்டிய ஒவ்வொரு இடமும் ஒரு சந்தி. முன் கூடம், படிக்கட்டின் அடி, ஒவ்வொரு மாடியிலும் படிக்கட்டு முடியும் இடம், விறாந்தைகள் பிரியும் இடம், மின்தூக்கிக் கதவின் எதிர்ச்சுவர் ஆகியவற்றை விடாமல் குறியுங்கள்.

அம்புக்குறிப் பலகைகள் சந்திகளில் மட்டும் இருக்கட்டும். நீண்ட விறாந்தையின் நடுவே வைக்கும் பலகையை யாரும் வாசிப்பதில்லை, ஏனெனில் அங்கே முடிவெடுக்க எதுவும் இல்லை. விறாந்தை மிக நீளமாக இருந்தால், "சரியான பக்கம்தான் போகிறேன்" என்ற உறுதிக்காக நடுவில் ஒரு சிறிய பலகை போதும்.

ஒரு சந்தியில் ஐந்து இடங்களுக்கு மேல் எழுதாதீர்கள். மூன்று மொழியில் ஐந்து இடம் என்றாலே பதினைந்து வரி. முன் கூடத்தில் 214 ஆம் அறையைக் காட்டவேண்டியதில்லை. எந்தப் பிரிவு, எந்த மாடி என்று காட்டினால் போதும். அறை வரிசையை மாடிக்கு வந்த பிறகு காட்டலாம்.

4. பழையதைக் கழற்றுங்கள்

எங்கள் முன் கூடத்துச் சுவரில் மூன்று வருடத்துக்கு முந்தைய கிரிக்கெட் போட்டி அறிவித்தலும், "செருப்பை வெளியே விடவும்" என்ற தாளும், காணாமற்போன பூனையின் படமும் இருந்தன. இவற்றுக்கு நடுவே வைக்கும் எந்தப் பலகையும் இன்னொரு தாளாகிவிடும். ஒவ்வொரு மாடிக்கும் ஓர் அறிவித்தல் பலகை ஒதுக்கி, எல்லாவற்றையும் அங்கே மாற்றுங்கள். கழற்றுமுன் படம் பிடித்துவையுங்கள். யாராவது வந்து கேட்பார்கள்.

5. பெயரையும் எண்ணையும் தீர்த்துவையுங்கள்

முதல் முறை நாங்கள் தோற்றது இங்கேதான். மாணவர்கள் பின்கட்டடத்தைப் "புதிய விடுதி" என்றார்கள். பராமரிப்புப் பிரிவு "பி கட்டடம்" என்றது. அறை ஒதுக்கீட்டுக் கடிதத்தில் "விரிவாக்கம்" என்று இருந்தது. நாங்கள் பலகையில் "மேற்குப் பிரிவு" என்று எழுதினோம். கடிதத்தோடு வந்த புதிய மாணவர் நான்கில் எதை நம்புவார்?

ஒரே பெயரைத் தேர்ந்து, அறை ஒதுக்கீட்டுக் கடிதம், திறப்புப் பதிவேடு, வாயில் புத்தகம், பலகை எல்லாவற்றிலும் அதையே எழுதச் செய்யுங்கள். கிழக்கு, மேற்கு வேண்டாம். கட்டடத்துக்குள் நிற்பவருக்குத் திசை தெரியாது. பழையது, புதியது வேண்டாம். புதியது ஒருநாள் பழையதாகும். ஏ, பி, சி என்ற ஒற்றை எழுத்து நன்று, அதை மூன்று மொழியிலும் பெயர்க்கவேண்டிய தேவை இல்லை.

அடுத்தது மாடிக் கணக்கு. நிலத்தளத்தையும் சேர்த்து "மூன்று மாடிக் கட்டடம்" என்கிறோம். ஆனால் "மூன்றாம் மாடி" என்னும்போது பலர் நிலத்தளத்தை விட்டுவிட்டு எண்ணுகிறார்கள், சிலர் சேர்த்தே எண்ணுகிறார்கள். இந்தக் குழப்பத்தைச் சொல்லால் தீர்க்கமுடியாது. மின்தூக்கியின் பொத்தானில் என்ன இருக்கிறதோ அதையே ஒவ்வொரு மாடியின் படிக்கட்டுச் சுவரிலும் ஒற்றை எண்ணாகப் பெரிதாக எழுதுங்கள். மின்தூக்கி இல்லையென்றால் 0, 1, 2, 3. ஏறி வருபவர் கடைசிப் படிக்கு வருமுன்பே அது கண்ணில் படவேண்டும்.

அறை எண்ணில் முதல் இலக்கம் மாடியையும் அடுத்த இரண்டு அறையையும் குறிப்பது எளிது. பி214 என்றால் பி பிரிவு, இரண்டாம் மாடி, பதினான்காம் அறை. ஆனால் இருக்கும் எண்களை முழுவதுமாக மாற்றத் துடிக்காதீர்கள். திறப்புக் கொத்தும், தளவாடப் பதிவேடும், மாணவர்கள் வங்கிக்குக் கொடுத்த முகவரியும் பழைய எண்ணில் இருக்கும். பழைய எண்ணுக்கு முன்னால் ஓர் எழுத்தைச் சேர்த்துச் சமாளிக்க முடிந்தால் அதுவே போதும். மாற்றியே ஆகவேண்டும் என்றால், பழைய எண்ணை ஒரு கல்வியாண்டுக்குச் சிறிதாகக் கீழே விட்டுவையுங்கள்.

மாணவர்களின் பெயரை அறைக் கதவிலோ கூடத்துப் பட்டியலிலோ போடவேண்டாம். குறிப்பாகப் பெண்கள் விடுதியில் யார் எந்த அறையில் என்பது வாயிலில் நிற்பவர் எல்லாருக்கும் தெரியத் தேவையில்லை. அறை விவரம் உள்ள தள வரைபடமும் பாதுகாப்பு உத்தியோகத்தரின் மேசைக்குள் இருக்கட்டும்.

6. மூன்று மொழி, சமமாக

அரசியலமைப்பின் 18 ஆம் உறுப்புரைப்படி சிங்களமும் தமிழும் அரச கரும மொழிகள், ஆங்கிலம் இணைப்பு மொழி. ஆகவே மூன்றும் வேண்டும். நடைமுறையில் எது தவறுகிறது என்பது நமக்குத் தெரிந்ததே: தமிழ் வரி சிறிதாக இருக்கும், அல்லது பிழையாக இருக்கும், அல்லது இரண்டும்.

சிறிதாவதற்குக் காரணம் எப்போதும் கெட்ட எண்ணம் அல்ல. "சிற்றுண்டிச்சாலை" நீளமான சொல். வடிவமைப்பவர் ஆங்கிலச் சொல்லுக்கு இடம் வகுத்துவிட்டுத் தமிழை அதற்குள் அமுக்குகிறார். எனவே பலகையின் அகலத்தை உங்கள் பட்டியலிலேயே மிக நீளமான தமிழ்ச் சொல்லை வைத்துத் தீர்மானியுங்கள். அது கொள்ளும் பலகை மற்ற இரண்டையும் கொள்ளும்.

பிழைக்குக் காரணம் இரண்டு. ஒன்று, மொழிபெயர்ப்பு. கைபேசியில் மொழிபெயர்த்தால் வெளியே போகும் வழிக்கு "வெளியேறு" என்று வரும். அது வழிகாட்டுவதில்லை, ஆளைத் துரத்துகிறது. "வெளியேறும் வழி" என்று எழுதவேண்டும். இரண்டு, எழுத்து. எங்கள் முதல் தொகுதியில் "கழிப்பறை" என்பது "களிப்பறை" என்று அச்சாகி வந்தது. மாணவர்களுக்கு ஒரு வாரம் வேறு வேடிக்கை தேவைப்படவில்லை. நான் அதன் பிறகு "மலசலகூடம்" என்றே எழுதினேன். இங்கே எல்லாருக்கும் தெரிந்த சொல், பிழைவிடவும் கொஞ்சம் கடினம்.

அச்சகத்தில் இன்னொரு கண்ணி இருக்கிறது. நீங்கள் ஒருங்குறியில் (யூனிகோட்) தட்டச்சு செய்து கொடுப்பீர்கள். அங்கே பாமினி போன்ற பழைய எழுத்துருவில் திரும்பத் தட்டச்சு செய்வார்கள். அல்லது தென்னாசிய எழுத்துகளுக்கான அமைப்பை இயக்காத வரைகலை மென்பொருளில் ஒட்டுவார்கள். கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், "கொ" இரண்டாக உடையும். தமிழ் தெரியாதவரின் கண்ணுக்கு இதில் எந்தப் பிழையும் தெரியாது. ஆகவே எழுத்துகளை வளைகோடுகளாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவங்களாக, மாற்றிய கோப்பை நீங்களே தயாரித்துக் கொடுங்கள். அச்சுக்கு முந்தைய பிரதியைத் தமிழ் தாய்மொழியான ஒருவர், சிங்களம் தாய்மொழியான ஒருவர் என இருவர் வாசித்துக் கையெழுத்திடட்டும். வாசிப்பவர் தட்டச்சு செய்தவராக இருக்கக்கூடாது. தன் பிழை தன் கண்ணுக்குத் தெரியாது.

மெல்லிய எழுத்துரு வேண்டாம். தூரத்திலிருந்து பார்க்கும்போது புள்ளி மறைந்து "க்" என்பது "க" ஆகிவிடும். வரிகளை நெருக்கினால் மேல் வரியின் "கூ" காலும் கீழ் வரியின் புள்ளியும் முட்டிக்கொள்ளும்.

7. தாளில் ஒட்டி இரண்டு வாரம் விடுங்கள்

இந்தப் படியைத் தாண்டத்தான் எல்லாருக்கும் ஆசை, ஏனென்றால் தாள் ஒட்டிய விடுதி அசிங்கமாக இருக்கும். இருக்கட்டும். ஒரு தாளின் செலவில் திருத்த முடிந்த பிழையைப் பலகையின் செலவில் திருத்தவேண்டாம்.

உண்மையான அளவில் அச்சிட்டு, உண்மையான உயரத்தில், மறைப்பு நாடாவால் ஒட்டுங்கள். பிறகு இரண்டாம் படியில் வராத புதிய ஆட்களை வைத்து அதே நடையைத் திரும்பச் செய்யுங்கள். ஒருவர் தவறினால் அது அவரது பிழை அல்ல, தாளை நகர்த்துங்கள். எங்கள் பி பிரிவுத் தாளை நான்குமுறை நகர்த்தினோம். அது சுவரில் சரியான இடத்தில்தான் இருந்தது, ஆனால் படிக்கட்டில் ஏறி வருபவரின் கண் நேரே எதிரில் இருந்த தண்ணீர்க் குழாய்க்கே போனது. கடைசியில் குழாய்க்கு மேலேயே ஒட்டினோம். அதன் பிறகு யாரும் தவறவில்லை.

மாணவர்கள் தாளில் கிறுக்குவார்கள். அழிக்காமல் வாசியுங்கள். "இதுவும் மூடியிருக்கும்" என்று ஒருவர் எழுதியதால்தான், நாங்கள் காட்டிய பக்கக் கதவு இரவு எட்டு மணிக்குப் பூட்டப்படுகிறது என்று எனக்குத் தெரியவந்தது.

விருந்தினருக்கான தடையை எங்கே வைப்பது என்பதையும் இந்த நாட்களில் பாருங்கள். "பார்வையாளர் இதற்கு அப்பால் செல்லமுடியாது" என்பதைப் படிக்கட்டின் அடியில் வைத்தால், மகளைப் பார்க்க வந்த தகப்பன் எல்லார் முன்னிலையிலும் திரும்பி நடக்கவேண்டியிருக்கும். பார்வையாளர் அறைக்குத் திரும்பும் சந்தியிலேயே வைத்தால் யாருக்கும் சங்கடம் இல்லை.

8. அளவு, நிறம், உயரம்

மூன்று மீட்டர் தூரத்திலிருந்து வாசிக்க எழுத்து 25 மி.மீ. உயரம் இருப்பது வசதி. பன்னிரண்டு மீட்டர் விறாந்தையின் மறுமுனையிலிருந்து தெரியவேண்டிய மாடி எண் 100 மி.மீ. வேண்டும். தமிழில் இந்த அளவைக் "ப"வின் உடலுக்கு எடுங்கள்; கொக்கிகளையும் புள்ளியையும் சேர்த்து அளந்தால் எழுத்து சிறுத்துவிடும்.

வெள்ளையில் கடும் நீலம் அல்லது கடும் நீலத்தில் வெள்ளை. பிரிவுகளுக்கு நிறம் கொடுக்க விரும்பினால் சிவப்பையும் பச்சையையும் தொடாதீர்கள். அவை தீயணைப்புக் கருவிக்கும் வெளியேறும் வழிக்கும் உரியவை, நிறக்குருடு உள்ளவர்கள் குழப்பிக்கொள்வதும் அந்த இரண்டையே. எந்த நிறமானாலும் எழுத்தும் கூடவே இருக்கவேண்டும்.

அறை எண்ணைக் கதவில் ஒட்டவேண்டாம். கொழும்பு வெக்கையில் கதவுகள் திறந்தே கிடக்கும், எண் அறைக்குள் போய்விடும். பூட்டு இருக்கும் பக்கத்துச் சுவரில் வையுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான அமெரிக்க அணுகல் தரம், தொட்டு வாசிக்கும் எழுத்துக்கு நிலத்திலிருந்து 1220 முதல் 1525 மி.மீ. வரை என்று சொல்கிறது. சக்கர நாற்காலியில் வருபவருக்கும் நிற்பவருக்கும் அது பொருந்துகிறது. சாய்தளம் எங்கே தொடங்குகிறது என்பதை வாயிலிலேயே காட்டுங்கள், படிக்கட்டின் அடிக்கு வந்த பிறகு காட்டிப் பயனில்லை.

9. அவசர வழி தனி வேலை

இதை உங்கள் ரசனைக்கு விடமுடியாது. வெளியேறும் வழிக்குப் பச்சையில் ஓடும் மனிதன், தீயணைப்புக் கருவிக்குச் சிவப்பு என்பது பாதுகாப்புக் குறிகளுக்கான சர்வதேச ஐ.எஸ்.ஓ. 7010 தரம். எந்த வழி அவசர வழி, எங்கே ஒன்றுகூடுவது என்பதைப் பொறுப்பானவர்களோடு பேசி முடிவெடுத்த பின்பே வரையவேண்டும். அம்பு காட்டும் கதவு நள்ளிரவில் திறக்கிறதா என்று நீங்களே போய்த் தள்ளிப் பாருங்கள். பூட்டிய கதவுக்கு வழிகாட்டும் பச்சைப் பலகை, பலகை இல்லாததைவிட ஆபத்தானது.

2022 இல் நாளுக்குப் பல மணி நேரம் மின்வெட்டு இருந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். படிக்கட்டின் விளிம்புகளுக்கும் வெளியேறும் பலகைகளுக்கும் இருளில் ஒளிரும் பட்டி ஒட்டுங்கள்.

வாயில் மேசையில் 1990 அம்புலன்ஸ், 110 தீயணைப்பு, 119 பொலிஸ் எண்களோடு, தூக்குப்படுக்கை திரும்பக்கூடிய படிக்கட்டு எது என்பதையும் குறித்துவையுங்கள். எங்கள் விடுதியில் இரண்டு படிக்கட்டுகளில் ஒன்றில் மட்டுமே அது திரும்பும். வருபவர்களுக்கு அது தெரியாது.

10. அச்சிடுதலும் பொருத்துதலும்

பளபளப்பான பரப்பு வேண்டாம்; விறாந்தை மின்குமிழ் அதில் பட்டு எழுத்தை மறைக்கும். லமினேட் செய்த தாள் நிரந்தரத்துக்கு உதவாது, துளையிட்ட இடத்தால் ஈரம் ஏறிப் பூஞ்சணம் பிடிக்கும். இருபக்க ஒட்டுநாடாவும் மழைக்காலத்தில் சுவர்ப் பூச்சோடு சேர்ந்து விழும். திருகாணியும் சுவர் அடைப்பானும்தான் நிற்கும். கடற்காற்று படும் பக்கத்தில் துருப்பிடிக்காத உருக்குத் திருகாணி. துளையிடுமுன் மின்கம்பி எங்கே ஓடுகிறது என்று பராமரிப்புப் பிரிவிடம் கேளுங்கள். பரீட்சைக் காலத்தில் துளையிடாதீர்கள், உங்களுக்குக் கிடைக்கும் வசைக்கு அளவிருக்காது.

முதலில் ஒரேயொரு பலகையை அச்சிட்டு, சுவரில் வைத்துப் பார்த்து, பிறகு மீதிக்குச் சம்மதம் கொடுங்கள். ஒவ்வொன்றின் பின்புறத்திலும் அதன் இட எண்ணை எழுதிவிடுங்கள். இல்லையென்றால் பொருத்துபவர் இடப்பக்க அம்பை வலப்பக்கச் சுவரில் அடித்துவிட்டுப் போய்விடுவார். எங்களிடம் அப்படி ஒன்று மூன்று நாள் இருந்தது.

11. பொருத்திய பிறகு

எல்லாப் பலகைகளுக்கும் ஒரு பட்டியல் வையுங்கள்: இட எண், வாசகம், பொருத்திய திகதி. வடிவக் கோப்பை உங்கள் சொந்தக் கணினியில் மட்டும் வைத்திருந்தால், நீங்கள் பதவி விட்ட நாளோடு அது போய்விடும். விடுதி அலுவலகத்தில் ஒரு பிரதி இருக்கட்டும். ஓர் அறையின் பயன்பாடு மாறினால் பலகையை அன்றே மூடுங்கள். பொய் சொல்லும் ஒரு பலகையைக் கண்டவர் மற்றவற்றையும் நம்பமாட்டார்.

அடுத்த வருடப் புதிய மாணவர்கள் வந்த முதல் வாரத்தில் பாதுகாப்பு உத்தியோகத்தரிடம் மீண்டும் அந்தக் கொப்பியைக் கொடுங்கள். எங்களுடைய இரண்டாவது கணக்கில் "எங்கே" என்ற கேள்விகள் ஒரு பக்கத்துக்குள் அடங்கின. அதிகக் கோடுகள் விழுந்தது வேறொரு கேள்விக்கு: மேல்மாடியில் தண்ணீர் எப்போது வரும்? நீர்ப்பம்பி இயங்கும் நேரத்தைக் கேட்டு எழுதி, அன்று மாலையே ஒவ்வொரு மாடியின் அறிவித்தல் பலகையிலும் ஒட்டினோம்.